ஏடும் எரியும்: பதிவேட்டின் அறம் பற்றிய ஒரு நோக்கு

தீயணைப்புப் படையொன்றின் கடமை யாது என வினவினால், தீயை அணைத்தல் என்ற விடையே எவரிடமிருந்தும் வரும். விடை சரியானதே. ஆயினும், இன்று உலகின் சில நாடுகளில் அப்படையின் தகுதி, அது அணைத்த தீயைக் கொண்டு மட்டும் நிறுக்கப்படுவதில்லை. அது எழுதிவைத்த ஏட்டைக் கொண்டும் நிறுக்கப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இம்முறை நன்கு வேரூன்றியுள்ளது. படையினர் எத்தனை மணிநேரம் பயிற்சி பெற்றனர், நீரேற்றும் பொறி எந்நாளிற் சோதிக்கப்பட்டது, தெருவோர நீர்முனைகள் எப்பொழுது திறந்து பார்க்கப்பட்டன, அழைப்பு வந்த வேளையில் எத்தனை பேர் கடமையில் இருந்தனர் என்பவற்றை எழுத்திற் காட்டினாலன்றி, காப்புறுதிக்காகத் தரமிடுவோர் அவற்றைக் கணக்கிற் கொள்வதில்லை. அவ்வாறு கிடைக்கும் தரம், அவ்வூர் வீட்டுக்காரரும் கடைக்காரரும் செலுத்தும் காப்புறுதிக் கட்டுப்பணத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகின்றது.

இது வெறும் நிருவாகச் செய்தி போலத் தோன்றலாம். எனினும், இதனுள்ளே பழைமையான அறவியல் வினாக்கள் சில பொதிந்துள்ளன. ஆதாயம் கருதிப் பேணப்படும் நேர்மை நேர்மையாகுமா? பிறர் மதிப்பிடுவதற்கென்றே எழுதப்படும் கணக்கு உண்மையானதாக இருத்தல் கூடுமா? ஏட்டில் இடம்பெறாத ஊருக்கு அந்த ஏடு ஏதேனும் கடமைப்பட்டுள்ளதா? மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபால் அமைந்துள்ள மாங்கேணி போன்ற ஊர்களை நினைக்கும்போது, இறுதி வினா வெறும் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடுவதில்லை. இம்மூன்று வினாக்களையும் முறையே ஆராய்ந்து, பதிவேட்டின் அறப்பெறுமதி எதிலே தங்கியுள்ளது என நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரமிடலின் வரலாறு

1666ஆம் ஆண்டு இலண்டன் மாநகரை எரித்த பெருந்தீயின் பின்னரே தீக் காப்புறுதி ஒரு தொழிலாக உருப்பெற்றது. தொடக்கத்திற் காப்புறுதி நிறுவனங்கள் தத்தமக்கெனத் தீயணைப்புக் குழுக்களை வைத்திருந்தன. தம்மிடம் காப்புறுதி பெற்ற கட்டடங்களின் முகப்பில் உலோக இலச்சினைகளைப் பொருத்தின. 1833இல் இலண்டன் நிறுவனங்கள் பல தம் குழுக்களை ஒன்றிணைத்தன. 1861இல் தேம்ஸ் நதிக்கரைப் பண்டகசாலைகளில் மூண்ட தூலி வீதித் தீயில் அவ்வமைப்பின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வூட் உயிரிழந்தார். இழப்பின் பாரத்தைத் தாங்கவியலாத நிறுவனங்கள் பொறுப்பை அரசிடம் ஒப்படைக்க விரும்பின. 1866 முதல் இலண்டனின் தீயணைப்பு பொதுப்பணியாக நடைபெறத் தொடங்கியது. தனியார் ஆதாயத்தின் பாதுகாப்பாகத் தொடங்கிய ஒன்று பொதுநலக் கடமையாக மாறிய வரலாறு இது.

அமெரிக்காவிலோ வரலாறு சற்று வேறு வழியிற் சென்றது. அங்கு 1866ஆம் ஆண்டு தீக் காப்புறுதி நிறுவனங்கள் தேசியச் சபையொன்றை அமைத்தன. 1904 பெப்ரவரியிற் பால்ற்றிமோர் நகரம் பற்றியெரிந்தபோது, வாஷிங்டன், பிலதெல்பியா, நியூயோர்க் முதலிய நகரங்களிலிருந்து படைகள் உதவிக்கு விரைந்தன. ஆனால், அவற்றுட் பலவற்றின் நீர்க்குழாய்ப் பொருத்துகள் பால்ற்றிமோரின் நீர்முனைகளோடு பொருந்தவில்லை. நீர் இருந்தது, ஆள் இருந்தனர், பொறி இருந்தது. இவற்றை இணைக்கும் அளவு மட்டும் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. 1,500இற்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

இதன் பின்னர் அத்தேசியச் சபை பொறியியலாளர்களை நகரந்தோறும் அனுப்பி, அவற்றின் தீ ஆயத்தத்தைப் பரிசீலித்து அறிக்கைகள் எழுதியது. 1905இல் எழுதப்பட்ட சான் பிரான்சிஸ்கோ அறிக்கை இன்றும் வியப்புடன் நினைவுகூரப்படுகின்றது. அந்நகரம் இதுவரை எரியாதிருப்பதே காப்புறுதித் தொழிலின் அனுபவங்கள் அனைத்திற்கும் மாறானது என்ற கருத்தை அது வெளியிட்டிருந்தது. 1906 ஏப்ரல் 18ஆம் நாள் நிலநடுக்கம் ஏற்பட்டு, நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்தன. தொடர்ந்து மூண்ட தீயில் ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. துணை நீர்வழங்கல் வேண்டும் என்று வற்புறுத்திவந்த தீயணைப்புத் தலைவர் டெனிஸ் சலிவன் அந்நிலநடுக்கத்திற் காயமுற்றுச் சில நாட்களில் இறந்தார். அறிக்கை உண்மையைச் சொல்லியிருந்தது, கேட்கவேண்டியவர் கேட்கவில்லை.

1916இல் அமெரிக்க நகரங்களைத் தரமிடும் அட்டவணை முறையாக வெளிவந்தது. 1971இல் அமைக்கப்பட்ட காப்புறுதிச் சேவைகள் அலுவலகம் பின்னர் அப்பணியை ஏற்றது. இன்றைய அட்டவணையின்படி அவசர அழைப்புத் தொடர்புக்கு 10 புள்ளிகளும், தீயணைப்புப் படைக்கு 50 புள்ளிகளும், நீர்வழங்கலுக்கு 40 புள்ளிகளும் உண்டு. தீத்தடுப்புக் கல்வி முதலியவற்றுக்கு மேலதிகமாக 5.5 புள்ளிகள் கிடைக்கலாம். படைக்குரிய ஐம்பதிற் பயிற்சிக்கு மட்டும் 9 புள்ளிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. நீருக்குரிய நாற்பதில் நீர்முனைகளைப் பரிசோதிப்பதற்கு 7 புள்ளிகள் உள. ஊர்கள் 1 முதல் 10 வரை வகுக்கப்படுகின்றன. முதலாம் வகுப்பு மிகச் சிறந்தது. பத்தாம் வகுப்பு, ஏற்கத்தக்க பாதுகாப்பு இல்லை என்பதைக் குறிக்கும். அடிமட்ட அங்கீகாரம் பெறுவதற்குக்கூட, தீ நிகழ்ந்த நாள், நேரம், இடம், வந்தோர் தொகை, பயிற்சிகள், கருவிகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பதிவு வேண்டும். தொண்டர்கள் மட்டுமே பணியாற்றும் சிற்றூர்ப் படையும் இதற்கு விதிவிலக்கன்று.

ஆதாயத்துக்காகப் பேணும் நேர்மை

இங்கே முதலாவது வினா எழுகின்றது. படைத்தலைவர் ஒருவர் பயிற்சிப் பதிவேட்டைச் செம்மையாகப் பேணுகின்றார் என்க. காரணம் கேட்டால், ஊராரின் கட்டுப்பணம் குறையும் என்கிறார். அவர் செய்வது அறச்செயலா?

ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலிற் கடைக்காரர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார். அவர் சிறுபிள்ளை வந்தாலும் விலையை ஏற்றிச் சொல்வதில்லை. ஆனால், நற்பெயர் கெட்டால் வியாபாரம் கெடும் என்பதற்காகவே அவ்வாறு செய்கின்றார். அவர் செயல் கடமைக்கு இசைந்தது. கடமை பற்றி எழுந்தது எனக் கூறவியலாது. கான்ற்றின் அளவுகோலைக் கொண்டு நோக்கின், கட்டுப்பணத்துக்காக ஏடு பேணும் படைத்தலைவரும் அக்கடைக்காரரின் வரிசையிலேயே நிற்பார்.

இதற்கு மறுதலையான கருத்தும் உண்டு. நீதியான செயல்களைச் செய்து பழகுவதாலேயே ஒருவன் நீதியாளன் ஆகின்றான் என அரிஸ்டோட்டில் கருதினார். தரமிடுவோர் வருவார் என்ற அச்சத்தால் இன்று ஏட்டை எழுதத் தொடங்கும் இளைஞன், ஐந்தாண்டுகளின் பின் எவர் வராவிடினும் எழுதாமல் உறங்கமாட்டாதவனாக மாறக்கூடும். ஆதாயம் அவனை வாயில்வரை கொண்டுவருகின்றது. உள்ளே இருத்துவது பழக்கம். ஆகவே, தொடக்கத்தின் நோக்கத்தை மட்டும் கொண்டு ஒரு வழக்கத்தை முற்றாகத் தள்ளிவிடுதல் பொருந்தாது.

தமிழர் வரலாற்றிலும் இவ்விடத்துக்குப் பொருந்தும் சான்றொன்று உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்த ஒழுங்கை விரிவாகக் கூறுவன. அங்கே ஏரியைக் கவனிக்கவும் ஒரு வாரியம் இருந்தது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவர் மீண்டும் தெரிவு செய்யப்படத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் அவ்வாறே விலக்கப்பட்டனர். கணக்கை மறைத்தவன் குடும்பத்தையும் சேர்த்து விலக்கியமை இன்றைய நீதியுணர்வுக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால், அதன் அடியிலுள்ள எண்ணம் தெளிவானது. பொதுநீரைக் காப்பவன் அதைக் காத்ததை மட்டுமன்றி, எவ்வாறு காத்தான் என்பதையும் ஊருக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். கணக்கு, பணிக்குப் புறம்பான ஒரு சுமையாகக் கருதப்படவில்லை. பணியின் இறுதிப் பகுதியாகவே கருதப்பட்டது.

களத்தில் நிற்பவர்களிடமிருந்து இங்கே ஒரு தடை எழுவதுண்டு. தீ அணைப்பவன் கைக்கு எழுதுகோல் எதற்கு, உயிரைப் பணயம் வைத்தவன் திரும்பிவந்து தாள் நிரப்பவேண்டுமா என்பர். இத்தடையில் உண்மையான உழைப்பின் களைப்பு இருக்கின்றது; அதனை எள்ளுதல் தகாது. எனினும், சென்ற ஆண்டு அழுத்தச் சோதனையிற் கசிந்த நீர்க்குழாய் எது என்பது எழுதப்படாவிடின், அடுத்த முறைக் கடமைக்கு வருபவன் அதனைத்தான் தோளிற் சுமந்து தீயின் முன் செல்வான். அவனுக்கும் முன்னவனுக்கும் அறிமுகம் இல்லாதிருக்கலாம். முன்னவன் இடமாற்றம் பெற்றிருக்கலாம், இறந்துமிருக்கலாம். காணாத ஒருவனுக்கு முன்கூட்டியே செய்யப்படும் எச்சரிக்கையே பதிவு. வருமுன் காவாதவன் வாழ்வை நெருப்பின் முன் வைக்கோற்போருக்கு ஒப்பிட்ட வள்ளுவர், அக்கருத்தைக் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது நோக்கற்பாலது. காவாமை அவர் கருத்திற் கவனக்குறைவு மட்டுமன்று. கடியப்படவேண்டிய குற்றங்களின் வரிசையைச் சார்ந்தது.

அளவுகோலும் பொய்யும்

இரண்டாவது வினா மேலும் கடினமானது. ஏட்டுக்குப் புள்ளி உண்டு, புள்ளிக்குப் பணம் உண்டு என்றானபின், ஏடு உண்மையைச் சொல்லுமா?

1970களிற் சமூகவியல் ஆய்வாளர் டொனால்ட் காம்பெல், பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் ஆகிய இருவரும் வெவ்வேறு துறைகளில் நின்று ஏறத்தாழ ஒரே கருத்தை வெளியிட்டனர். ஓர் அளவுகோலைக் கொண்டு முடிவுகள் எடுக்கப்படும் அளவுக்கு அவ்வளவுகோலைக் கெடுக்கும் தூண்டுதலும் பெருகும் என்பதே அதன் சாரம். பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் கற்கும் மாணவர் உள்ள நாட்டில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பயிற்சிக்கு மணிக்கணக்கிற் புள்ளி என்றால், பயிற்சி நடவாத மாலையிலும் கையொப்பம் விழக்கூடும். நீர்முனை திறந்து பார்க்கப்படாமலே திறந்ததாக எழுதப்படக்கூடும். இவை வெளிப்படையான பொய்கள். இவற்றினும் நுண்ணியது தெரிந்தெடுக்கும் பொய். எழுதப்பட்டவை யாவும் உண்மையாகவே இருக்கும். படைக்குப் பாதகமானவை மட்டும் எழுதப்பட்டிரா. வண்டி தாமதித்த இரவு, பொறி இயங்க மறுத்த காலை, கடமைக்கு ஆள் போதாத விடுமுறை நாள் ஆகியன ஏட்டில் வெற்றிடங்களாக நிற்கும். அவ்வாறான ஏட்டின் ஒவ்வொரு வரியும் மெய். ஏடு முழுவதும் பொய்.

பிளேற்றோவின் குடியரசு நூலில் அணிந்தவனை மறைக்கும் மோதிரக் கதை ஒன்று வருகின்றது. எவரும் காணாதவிடத்து நீதியாக நடப்பவன் உண்டா என்ற வினாவை எழுப்புவதற்காகக் கிளாக்கன் அக்கதையைச் சொல்கின்றான். பதிவேடு எழுதுபவன் நாள்தோறும் அம்மோதிரத்தை அணிந்தே இருக்கின்றான். நள்ளிரவிற் சோதனை நடந்ததா என்பதை அறிந்தவன் அவனே. தரமிடுவோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து தாளையே காண்பர்.

இந்நிலையில் ஏட்டின் நேர்மையை அளக்க எளிய சோதனையொன்று கைகொடுக்கும். எழுதுபவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் வரிகள் அவ்வேட்டில் உள்ளனவா என்று பார்த்தலே அது. தன் குறையையும் அதே மையாலும் அதே நாளிலும் எழுதிய ஏடு, புள்ளிக்காகத் தொடங்கப்பட்டிருப்பினும், புள்ளியைக் கடந்துவிட்டது. குறையே காணப்படாத ஏடு, எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பினும் ஐயத்துக்குரியது. கான்ற்றின் கடைக்காரரை உள்ளே புகுந்து அறிய எவராலும் இயலாது; அவர் உள்ளம் அவருக்கே வெளிச்சம். ஆனால், தமக்கு நட்டம் வரக்கூடிய வரியை அவர் எழுதினாரா என்பதைப் பிறர் அறியலாம். நோக்கத்தை அளக்கும் கருவி மனிதரிடம் இல்லாதவிடத்து, தனக்கெதிரான வரியே அதற்கு மிக அண்மையான அளவாக அமைகின்றது.

அவ்வாறாயின், தரமிடும் நிறுவனத்துக்கும் ஒரு கடமை பிறக்கின்றது. குறையை ஒப்புக்கொண்டவனையும் குறையை மறைத்தவனையும் ஒரே தட்டில் வைத்து முன்னவனுக்கு மட்டும் புள்ளி குறைப்பின், பொய்யை வளர்க்கும் பொறுப்பில் அந்நிறுவனமும் பங்காளியாகும். உண்மைக்குத் தண்டம் விதிக்கும் அளவுகோல், உண்மையான ஏட்டை எதிர்பார்க்கும் உரிமையை இழந்துவிடுகின்றது.

தாள் உண்மையான பொருளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது விளையும் கேட்டினைத் தமிழகம் ஒரு கொடிய நாளிற் கண்டது. 2004 யூலை 16ஆம் நாள் கும்பகோணத்திற் பாடசாலையொன்றின் சமையற்கூடத்திற் பற்றிய தீ ஓலைக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் நெருக்கமாக இயங்கிவந்தன. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. குற்றவியல் வழக்கின் தீர்ப்பு 2014இலேயே வந்தது. பாடசாலை நடத்தியோர் மட்டுமன்றிக் கல்வித்துறையைச் சார்ந்தோரும் அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தனர். பாடசாலையென்றால் அனுமதி, அங்கீகாரம், பார்வையிடல் எனத் தாள்கள் பல உண்டு. ஓலைக்கூரையோ எந்தத் தாளையும் படிப்பதில்லை. பார்வையிட வந்தவர் எவரேனும் ஒருவர், இக்கூரையின் கீழ் அடுப்பு எரிகின்றது, குழந்தைகள் வெளியேற ஒடுங்கிய வழியே உண்டு என்ற இரு வரிகளை எழுதி, அவை எழுதப்பட்டமைக்காகவே செயற்பட நேர்ந்திருப்பின் என்ற எண்ணம், அத்துயரை நினைப்பவர் எவரையும் விட்டு அகலாது.

சான் பிரான்சிஸ்கோவில் ஏடு உண்மையைச் சொல்லியும் பயன் விளையவில்லை. கும்பகோணத்திற் சொல்லவேண்டிய உண்மை உரிய வேளையில் எவரையும் அசைக்கவில்லை. எனவே, எழுதுபவனின் நேர்மையோடு படிப்பவனின் நேர்மையும் சேர்ந்தாலன்றிப் பதிவேடு முழுமையடையாது என்பது பெறப்படும்.

மாங்கேணியும் பத்தாம் வகுப்பும்

மூன்றாவது வினாவுக்கு வருவோர் நகரத்தை விட்டு நெடுந்தூரம் செல்லவேண்டும். மாங்கேணி, கோறளைப்பற்று வடக்கு எனப்படும் வாகரைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த கரையோர ஊர். மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனையைக் கடந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் வீதியில் அது அமைந்துள்ளது. காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என அவ்வீதியில் அடுத்தடுத்து வரும் பெயர்கள் யாவும் கேணி என்னும் நீர்நிலையிலேயே முடிகின்றன. எங்கே நீர் உண்டு என்பதை முன்னோர் ஊர்ப்பெயரிலேயே பதிந்து வைத்தனர் போலும். அமெரிக்க அட்டவணை நாற்பது புள்ளிகள் ஒதுக்கியுள்ள நீர்வழங்கல் பற்றிய இப்பகுதியின் முதற் பதிவேடு அப்பெயர்களே எனலாம்.

அவ்வட்டவணையின் மற்றொரு விதியை இங்கே பொருத்திப் பார்த்தல் தகும். தீயணைப்பு நிலையத்திலிருந்து வீதிவழியே ஐந்து மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 8 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கட்டடம் பொதுவாகப் பத்தாம் வகுப்பிலேயே வைக்கப்படும். மட்டக்களப்பு நகரிலிருந்து மாங்கேணி நாற்பது கிலோமீற்றருக்கும் மேலான தொலைவிலுள்ளது. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களிற் கிடுகு வேய்ந்த வாடியொன்றிற் பொறி விழுந்தால், நகரத்து வண்டி வந்துசேரும் முன் சாம்பலும் ஆறிவிடும். அத்தகைய ஊரை அவ்வட்டவணை அளக்குமாயின், அதன் விடை ஒரே சொல்லில் முடிந்துவிடும்: பத்து.

அந்த விடை பொய்யன்று. ஆயின், அது நீதியானதா? காப்புறுதியின் தர்க்கத்தின்படி ஆபத்துக் கூடியவன் கூடிய கட்டுப்பணம் செலுத்துதல் முறையாகும். தன் வீட்டிற் கவனமின்றித் தீ வைத்துக்கொள்பவனுக்கு அது பொருந்தலாம். ஆனால், மாங்கேணியிற் பிறந்த மீனவன் தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைவிலே வாழ்வதைத் தெரிந்தெடுத்தவன் அல்லன். நிலையங்கள் எங்கே அமையவேண்டும் என்பதைத் தீர்மானித்தது அவன் அல்லன். அப்பகுதிக்கு எவ்வளவு பொதுப்பணம் ஒதுக்கப்படவேண்டும் என்பதைத் தீர்மானித்ததும் அவன் அல்லன். பிறர் எடுத்த முடிவுகளின் விளைவை அவனுடைய ஆபத்து எனப் பெயரிட்டு, அதற்குரிய விலையையும் அவனிடமே அறவிடுவது சமுதாய உறவொன்றை இயற்கை நியதியாகக் காட்டும் செயலாகும். ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக்கோட்பாட்டு நூலில், தான் எந்நிலையிற் பிறப்பேன் என்பதை அறியாத ஒருவன் எவ்வகை விதிகளை ஏற்பான் எனச் சிந்திக்குமாறு கூறினார். நகரத்தில் நீர்முனைக்கருகே பிறப்பேனா, வாகரைக் கரையில் வாடியொன்றிற் பிறப்பேனா என அறியாதவன், பத்தாம் வகுப்பென எழுதி ஏட்டை மூடிவிடும் விதியை ஏற்பான் என எதிர்பார்க்க இயலாது.

இன்னொரு புறமும் உண்டு. பத்து என்று எழுதப்படுவதற்கும் எதுவுமே எழுதப்படாமற் போவதற்கும் பெரும் வேறுபாடு இருக்கின்றது. 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்தது. 2006இன் பிற்பகுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரைப் பிரதேச மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். பேரழிவு ஒவ்வொன்றின் பின்னும் நிவாரணம் பெயர்ப்பட்டியலைப் பின்பற்றியே வரும். காணி உறுதியும் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் நீரோடும் நெருப்போடும் போனவன், தான் இழந்ததை மட்டுமன்றி, தான் இருந்ததையே நிறுவவேண்டியவன் ஆகின்றான். ஏட்டைத் தீயும் தின்னும். 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. படி எடுக்கப்படாத சுவடிகளுக்கு மீட்சியில்லை. ஒரு பதிவு ஒரே இடத்தில் மட்டும் இருப்பது அது இல்லாதிருப்பதற்கு ஒரு படிதான் மேலானது என்னும் பாடத்தை ஈழத்தமிழருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

ஆகவே, இல்லாமையும் பதியப்படவேண்டும். இவ்வூரில் நீர்முனை இல்லை, வண்டி வரும் வழி இவ்வளவு, மாரியில் இவ்விடத்தில் நீர் நிற்கும், வறட்சியில் இக்கிணறுகளே வற்றாதவை என்று எழுதப்பட்ட ஏடு, இரங்கி நிற்கும் விண்ணப்பத்தைவிட வலிமையானது. அமெரிக்க அட்டவணையிலேயே இதற்கு ஒரு வாயில் திறந்துள்ளது. நீர்முனை இல்லாத சிற்றூர், தாங்கி வண்டிகளாற் சுமந்துவரும் நீரைக்கொண்டு நிமிடத்துக்கு 250 கலன், அதாவது ஏறத்தாழ 950 லீற்றர், இரண்டு மணிநேரம் இடையறாது வழங்கமுடியும் என நிறுவிக் காட்டினால், அதற்கேற்ற மதிப்பைப் பெறலாம். குழாய் பதிக்கப் பணமில்லாத ஊருக்கு அங்கே ஏடு ஒரு கருவியாகின்றது.

மாங்கேணியில் அதற்கு ஒப்பான பணியைத் தொடங்கப் பெரும் பொருள் தேவைப்படாது. கிராம அபிவிருத்திச் சங்கமோ மீனவர் சங்கமோ சனசமூக நிலையமோ ஒரு கொப்பியை வாங்கலாம். ஆடி, ஆவணியிலும் நீருள்ள கிணறுகள், தண்ணீர் பவுசர் நுழையக்கூடிய ஒழுங்கைகள், எரிபொருள் வைக்கப்படும் வாடிகள், தனித்து வாழும் முதியோர், உதவி கேட்ட நேரம், உதவி வந்த நேரம் ஆகியவற்றை அதில் எழுதலாம். ஒரு படியைக் கிராம உத்தியோகத்தரிடமும் மறுபடியை ஊருக்கு வெளியே பிரதேச செயலகத்திலும் வைக்கலாம். உதவி கேட்ட நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி ஆண்டுதோறும் எழுத்தில் நின்றால், அது பொதுநிதியைப் பங்கிடுவோர் விடையிறுக்கவேண்டிய வினாவாக மாறும்.

ஆனால், மேலே கூறிய சோதனை ஊருக்கும் பொருந்தும். கிணற்றடியில் வாளி இல்லாதிருந்ததையும், கூட்டத்துக்கு நால்வர் மட்டுமே வந்ததையும், அயலவன் வாடி எரிந்தபோது பகை காரணமாகச் சிலர் அசையாதிருந்ததையும் அக்கொப்பி மறைக்குமாயின், அதுவும் நகரத்துப் பொய்யேட்டின் சிறு வடிவமே ஆகும். ஏழையின் ஏடு என்பதற்காக அது தானே உண்மையாகிவிடுவதில்லை.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பதிவேடு ஆதாயத்துக்காகத் தொடங்கப்படுதல் அதன் அறப்பெறுமதியை அழித்துவிடுவதில்லை. கட்டுப்பணம் குறையும் என்ற எண்ணம் கையில் எழுதுகோலைக் கொடுக்கலாம். அக்கை எதனை எழுதுகின்றது என்பதே பின்னர் கருதவேண்டியது. தன் குறையைத் தானே எழுதும் ஏடு, காணாத மனிதருக்கான கடமையை ஏற்கின்றது. அவ்வுண்மையைத் தண்டிக்காது படித்துச் செயற்படும் நிறுவனம் அக்கடமையிற் பங்கேற்கின்றது. பாதுகாப்பு இல்லாத ஊரைப் பத்து என்று எழுதியதோடு நின்றுவிடாமல், அந்தப் பத்து யாருடைய முடிவுகளால் வந்தது என்று வினவும் சமுதாயம் அதனை நிறைவேற்றுகின்றது.

இம்மூன்றில் முதலாவது எழுதுபவன் கையிலும், இரண்டாவது தரமிடுவோர் கையிலும், மூன்றாவது பொதுநிதியைப் பங்கிடும் ஆட்சியிலும் தங்கியுள்ளன. எழுதுபவனிடம் உண்மையைக் கேட்பவர், படிப்பவரிடமும் பங்கிடுபவரிடமும் அதே கண்டிப்போடு செயலைக் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்கப்படாதவரை, மாங்கேணியின் மீனவன் தன் வாடியின் பாதுகாப்புக்கு அயலவன் வாளியையும் முன்னோர் தோண்டிய கேணியையுமே நம்பியிருக்கவேண்டியவனாவான்.